சித்தப்பாவின் அரைப்படக் கமரா

எங்கள் அப்பப்பாவுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரே நாளில் இரண்டு திவசங்கள் நடக்கும். ஒன்று எங்கள் வீட்டில். மற்றது வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீட்டில். ஐயர் முதலில் மூத்தவர் வீட்டுக்குப் போவார். அங்கே எல்லாம் முடித்து, தானமாகக் கிடைத்த அரிசியையும் காய்கறியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஒழுங்கையால் சுற்றி எங்கள் படலையைத் திறந்து வருவார். முன்பு வேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு இருந்ததாம். அது தென்னோலைக் கிடுகு வைத்து அடைக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வரும்போது ஐயர் களைத்திருப்பார், மந்திரங்களைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லி முடிப்பார் என்பது அம்மாவின் நெடுநாள் மனக்குறை.

இறந்துபோன ஒருவர் ஒரே மத்தியானத்தில் இரண்டு இடத்தில் எப்படிச் சாப்பிடுவார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இரண்டு வீடு இருந்தால் இரண்டு திவசம். எனக்கு எட்டு வயது. அது போதுமான விளக்கமாக இருந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் கதைப்பதில்லை. புத்தூரில் எங்கள் வளவும் அவர்கள் வளவும் ஒட்டியபடி இருந்தன. கிணறு ஒன்றுதான். இரண்டு வீட்டு வெங்காயத்துக்கும் அதிலிருந்துதான் தண்ணீர் போகும். அதனால் கதைக்காமல் இருப்பதற்கே அவர்கள் நிறையக் கதைக்க வேண்டியிருந்தது. "பிள்ளை, எங்கடை இறைப்பு முடிஞ்சுது, இனி ஆரும் இறைக்கலாம்" என்று அப்பா என்னைப் பார்த்து, வேலிக்கு அப்பால் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுவார். நான் எங்கும் போய் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சற்று நேரத்தில் பெரியப்பாவின் இறைப்பு மெஷின் சத்தம் கேட்கும். பெரியப்பாவின் மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்து ஒரே போத்தலில் தண்ணீர் குடிப்போம். ஒழுங்கைக்குள் திரும்பியதும் அவள் ஒரு கரையாலும் நான் மறு கரையாலும் நடப்போம். எங்களுக்கு யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை.

நாட்டில் போர் நின்று பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்தவர்களெல்லாம் கொழும்பிலிருந்து வாடகை வான் பிடித்து வந்துகொண்டிருந்த காலம் அது. சித்தப்பாவும் ஜேர்மனியிலிருந்து வந்தார். மீசை அரும்பிய வயதில் போனவர், தலையில் பாதி முடியோடு திரும்பி வந்தார். மூன்று சகோதரர்களில் அவர்தான் கடைசி. வந்த அன்றே ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருந்தார். எங்கள் வீட்டுக்கு எத்தனை சவர்க்காரமோ பெரியப்பா வீட்டுக்கும் அத்தனை. ஒருநாள் இங்கே படுத்தால் மறுநாள் அங்கே. காலையில் அம்மாவின் கையால் புட்டு, மாலையில் பெரியம்மாவின் கையால் தேத்தண்ணீர். இரண்டு வீட்டுக்கும் நடுவே அவரும் ஐயரைப்போலச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

அவர் கொண்டுவந்த கமராதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். என் வகுப்பில் ஒருத்தியின் மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்த கமராவில், எடுத்த கையோடு படத்தைப் பார்க்கலாம். சித்தப்பாவுடையது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பழைய தகரப் பெட்டி. தோல் உறை விளிம்பில் உரிந்திருந்தது. கண்ணாடியைச் சுற்றித் தேன்கூடு போல நெருக்கமாகச் சிறு சிறு குமிழ்கள்.

"சித்தப்பா, இது ஆரும் பாவிச்ச பழசோ?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. அங்கை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில வாங்கினது. அகதி முகாமில இருந்த காலத்தில. அப்ப பிலிம் வாங்கிறது பெரிய பாடு. இது ஒரு படத்தின்ரை இடத்தில ரெண்டு படம் எடுக்கும்."

எனக்கு அது விளங்கவில்லை. என் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, நடுவால் மடித்து விரித்துக் காட்டினார். மற்றக் கமராக்கள் இந்த முழுத்தாளிலும் ஒரு படம் எடுக்குமாம். இது இந்தப் பாதியில் ஒன்று, அந்தப் பாதியில் ஒன்று. அதனால் படம் எப்போதும் நெட்டையாகத்தான் வரும். ஆட்கள் நின்றால் நன்றாக அடங்கும். ஒரு றோல் போட்டால் முடியவே முடியாது. "உன்ரை சித்தியைக் கலியாணம் கட்டின அண்டைக்குப் போட்ட றோல், எங்களுக்குள்ள முதல் சண்டை வரேக்கையும் முடியேல்லை" என்றார்.

அப்பா அந்தக் கமராவை ஏறெடுத்துப் பார்த்தது வேறொரு காரணத்துக்காக. "இதுக்கு பற்றறி எங்கை போடுறது?" என்று கேட்டார்.

"பற்றறி இல்லை, சின்னண்ணை. உந்தக் குமிழ்தான் வெளிச்சத்தைப் பாக்கிறது. வெளிச்சம் இருந்தால் வேலை செய்யும்."

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பற்றறியை அரசாங்கம் ஊருக்குள் வரவிடாமல் தடுத்திருந்த போர் வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர் அவர். "அந்த நேரம் இது ஒண்டு இருந்திருந்தால்" என்றார். பிறகு சித்தப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள்களில் நான் அந்தக் கமராவைக் கையாளப் பழகினேன். பின்னால் பல்லுப் பல்லாக ஒரு சிறு சில்லு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெருவிரலால் அதை உருட்டினால் கிர் கிர் என்று பிலிம் நகரும். போய் நின்றதும் சில்லு இறுகிவிடும். அதற்குப் பிறகுதான் பொத்தான் அமரும். சில்லை உருட்டாமல் பொத்தானை எவ்வளவு அமத்தினாலும் அது அசையாது. வெளிச்சம் காணாத இடத்தில் பிடித்தால், பார்க்கும் ஓட்டைக்குள் சிவப்பாக ஒரு நாக்கு எழும்பி வந்து, மாட்டேன் என்று நிற்கும். எனக்கு அந்தச் சிவப்பு நாக்கில் நிரம்பப் பிரியம். குசினிக்குள்ளும் மாட்டுக் கொட்டிலுக்குள்ளும் கொண்டுபோய் அதை நாக்கு நீட்டச் செய்து பார்ப்பேன். கிட்டவும் போகக்கூடாது. இரண்டு எட்டுத் தள்ளி நின்றால்தான் முகம் தெளியும். கிட்ட நின்று எடுத்தால் மங்கிப்போகும் என்று சித்தப்பா சொல்லித் தந்தார்.

அவருடைய பையில் முன்பு எடுத்த படங்கள் கொஞ்சம் இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் எனக்கு அந்தக் கமராவில் உண்மையான மரியாதை வந்தது. ஒவ்வொரு தாளிலும் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியபடி இருந்தன. நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு. ஒன்றில் சித்தி குளிருக்குப் போர்த்திக்கொண்டு இடப்பக்கம் நின்றார். வலப்பக்கம் பேக்கரித் தட்டில் ஒரு பெரிய பாண். சித்தி அந்தப் பாணைப் பார்த்து வெட்கப்படுவது போல இருந்தது.

"படம் அடிக்கிற மெஷினுக்கு இது ரெண்டு படம் எண்டு தெரியாது" என்றார் சித்தப்பா. "முழுசா ஒண்டு எண்டு நினைச்சு ஒரே தாளில அடிச்சுவிடும். முதல் எடுத்தது இடப்பக்கம், அடுத்து எடுத்தது வலப்பக்கம்."

திவசத்துக்குத்தான் சித்தப்பா வந்திருந்தார். அன்று பெரியப்பா வீட்டில் ஒரு முறை சாப்பிட்டு, எங்கள் வீட்டில் இரண்டாம் முறை சாப்பிட்டார். இரண்டு இடத்திலும் வாழைக்காய்க் கறியை மெச்சினார். எங்கள் வீட்டுப் பந்தி முடிந்து அப்பா கை கழுவும்போதுதான் அவர் கேட்டார். நான் செம்பில் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றேன்.

"சின்னண்ணை, நாங்கள் மூண்டு பேரும் சேந்து நிக்கிற படம் ஒண்டும் என்னட்டை இல்லை. நீங்கள் ரெண்டு பேர் சேந்து நிக்கிறதும் இல்லை. ஒருக்கால் கிணத்தடியில வந்து நிண்டால்..."

"அவரோட நான் நிக்கமாட்டன்."

"எத்தினை வருசம் சின்னண்ணை?"

"ஐயாவின்ரை முகத்தை எனக்குக் காட்டாமல் எரிச்ச மனிசன். அவரோட நிண்டு சிரிக்கட்டோ?"

கை கழுவி முடிந்த பிறகும் அப்பா கையை நீட்டியபடியே நின்றார். நான் தண்ணீர் வார்த்துக்கொண்டே இருந்தேன்.

சித்தப்பா ஒழுங்கையால் சுற்றி அந்த வீட்டுக்குப் போனார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குப் பெரியப்பாவின் குரல் கேட்டது. அவர் சத்தமாகத்தான் சொன்னார். சத்தம் யாருக்காக என்பது இப்போது விளங்குகிறது.

"நான் வேணுமெண்டோ எரிச்சனான்? பள்ளிக்கூட வகுப்பறைக்குள்ள, அவ்வளவு சனத்துக்கு நடுவில, செத்த உடம்பை எப்படி வைச்சிருக்கிறது? போகாதை போகாதை எண்டு சொல்லச் சொல்ல, மாடு அவிழ்க்கப் போனவன் அவன். பாதையைப் பூட்டினால் நான் என்ன செய்யிறது? நீயும் இல்லை, அவனும் இல்லை. நான் தனியத்தான் கொள்ளி வைச்சனான். தனியத்தான் காடாத்தினனான்."

போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லோரும் இருந்த நாட்களில் அப்பப்பா இறந்தார். அப்போது நான் கைக்குழந்தை. அவிழ்க்காமல் விட்டு வந்த மாடுகளை நினைத்து அப்பா புத்தூருக்குத் திரும்பிப் போயிருந்தார். ஆமி பாதையைப் பூட்டியதும் வரமுடியாமல் அகப்பட்டுக்கொண்டார். பிறகு வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதைப் பின்னாளில் அம்மா சொல்லி அறிந்தேன். அந்த வயதில் நான் நினைத்திருந்தது, அவர்களின் சண்டை கிணற்றுத் தண்ணீரால் வந்தது என்று.

அன்று பின்னேரம் சித்தப்பா கிணற்றுக்கட்டில் வெகுநேரம் இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒரு விளையாட்டு விளையாடுவமோ? ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

பெரியப்பாவை ஒரு படம். உடனே அடுத்ததாக அப்பாவை ஒரு படம். இடையில் வேறெதுவும் எடுக்கக்கூடாது. மெஷின் தன்பாட்டில் இருவரையும் ஒரே தாளில் அடித்துத் தந்துவிடும். நான் துள்ளிக் குதித்தேன். ஒரு சதித்திட்டத்தில் எனக்குப் பங்கு கிடைத்தது அதுவே முதல் தடவை.

மறுநாள் காலை, சோடி சரியாகத் தொடங்கும் இடத்துக்குப் பிலிமைக் கொண்டுவருவதற்காகச் சித்தப்பா கிணற்று வாளியை ஒரு படம் எடுத்தார். பிறகு இருவரும் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். பெரியப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். சித்தப்பா கமராவைக் கண்ணில் வைத்தார். இறக்கினார். மறுபடி வைத்தார்.

"சிவப்பு நாக்கோ சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஓம். பெரியண்ணை, கொஞ்சம் வெளியில முத்தத்துக்கு வாங்கோவன். இஞ்சை வெளிச்சம் காணாதாம்."

"கமராவுக்கு வெளிச்சம் காணாட்டில் நான் வெய்யிலுக்கை காயவோ?" என்றார் பெரியப்பா. ஆனால் எழுந்து வந்தார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு, வெறும் மேலோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். டிக் என்றது. பழக்கதோஷத்தில் சித்தப்பாவின் பெருவிரல் உடனே சில்லை உருட்டிவிட்டது.

ஒழுங்கையில் திரும்பி வரும்போது சைக்கிள் கடைக்காரர் எதிர்ப்பட்டார். சித்தப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, கடை வாசலிலேயே சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"என்ன மச்சான், பெரிய ஆக்களைத்தான் எடுப்பியோ? என்னையும் ஒண்டு எடு!"

"பேந்து எடுக்கிறன் மச்சான்."

"பேந்து எண்டால் நீ பிளேன் ஏறினாப் பிறகோ?"

நான் சித்தப்பாவின் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன். அவர் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். அந்தக் குறையால்தான் இரண்டு வீட்டிலும் இரண்டு முறை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிக் என்றது. கடைக்காரர் சிரித்த முகத்தோடு உள்ளே போனார். சித்தப்பா நடுவழியில் நின்று கமராவைப் பார்த்தார். "சரி, படம் அடிக்கிறவனிட்டைக் கேட்டுப் பாப்பம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அப்பா வெங்காயத் தறையில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "என்னை ஏன் எடுக்கிறாய்? நான் எந்த நாளும் இஞ்சைதானே நிக்கிறன்" என்றார். புல்லுக் கட்டைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றார். அதையும் எடுத்தாயிற்று. அதன் பிறகு என்ன எடுத்தாலும் ஒன்றுதானே என்று, என் ஆசைக்கு எங்கள் ஆட்டையும் குட்டியையும் எடுத்தார்.

றோல் முடிந்ததும் சித்தப்பாவும் நானும் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்தோம். பின்னேரம் திரும்ப வரச் சொன்னார்கள். அதுவரைக்கும் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வந்தோம். ஸ்ரூடியோவில் நின்ற பெடியன் முகம் வெளிறிப்போய் நின்றான்.

"அண்ணை, என்னவோ பிழைச்சுப்போச்சு. எல்லாம் ரெண்டு ரெண்டாய் வந்திருக்கு. வெட்டித் தரட்டோ?"

"வெட்டாதையும் தம்பி!" சித்தப்பா போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற ஒரு கலியாணப் பொம்பிளை திரும்பிப் பார்த்தாள். இரண்டு வேறு வேறு படங்களை ஒரே தாளில் அடிக்க முடியுமா என்று அவர் கேட்டுப் பார்த்தார். மெஷின் தன்பாட்டில் அடிப்பது, தான் அதற்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றான் அவன்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பரப்பியபோது அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு தாளில் அப்பா புல்லுக் கட்டோடு நின்றார். கறுப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆடு கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அப்பா ஆட்டுக்குப் புல்லு நீட்டி, ஆடு யோசிப்பது போல இருந்தது. அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது.

"என்னை ஏனடா ஆட்டோட சோடி சேர்த்தனி?" என்றார் சித்தப்பாவிடம்.

நான்தான் பதில் சொன்னேன். எனக்கு அது கெட்டித்தனமாகப் பட்டது. "ஆட்டோட இல்லை அப்பா. பெரியப்பாவோட சேர்க்கத்தான் பாத்தனாங்கள். இடையில சைக்கிள் கடைக்காரர் வந்திட்டார்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. சித்தப்பா குனிந்து படங்களை அடுக்கத் தொடங்கினார். அடுக்கும்போது கீழே மறைத்து வைத்திருந்த படம் வெளியே வந்தது. பெரியப்பா வெறும் மேலோடு முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் சைக்கிள் கடைக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அப்பா அந்தப் படத்தைக் கையில் எடுத்தார். கடைக்காரர் நின்ற பாதியைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவைப் பார்த்தார்.

"நல்லா நரைச்சுப் போனார்" என்றார்.

வேலிக்கு அப்பால் தினமும் இருமிக்கொண்டும் தண்ணீர் இறைத்துக்கொண்டும் இருந்தவரை அப்பா அத்தனை வருடங்களாகப் பார்க்கவில்லையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. படத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் தறைப்பக்கம் போனார். சித்தப்பா என்னைத் திட்டவில்லை. தலையைத் தடவிவிட்டு, "சரி, விளையாட்டு முடிஞ்சுது" என்றார். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் நான் இந்தக் கதை முழுவதையும் பெரியப்பாவின் மகளுக்குச் சொன்னேன். ஒரு சதியை ஒருவர் கெடுத்தால் என்ன, இருவர் கெடுத்தால் என்ன.

விளையாட்டு முடியவில்லை. சித்தப்பா போன பிறகு சில மாதங்கள் கழித்து ஜேர்மனியிலிருந்து இரண்டு கடித உறைகள் வந்தன. ஒன்று எங்களுக்கு, மற்றது பெரியப்பாவுக்கு. இரண்டிலும் ஒரே படம். அதைப் பார்த்துவிட்டு யாரும் ஓடிப்போய் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. ஒருநாள் பெரியப்பா, இறைப்பு முடிந்ததோ என்று வேலிக்கு மேலால் நேராக அப்பாவையே கேட்டார். அப்பா "ஓம் அண்ணை" என்றார். அவ்வளவுதான். நான் இடையில் நிற்கவேண்டிய தேவை அன்றோடு போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் கவலை. அடுத்த வருடம் ஐயர் ஒரு வீட்டுக்கு மட்டும் வந்தார். பிறகு பெரியப்பா சுகமில்லாமல் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் இரவு பகலாக நின்றவர் அப்பாதான். ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தவை. நான் சொல்ல வந்தது அந்தப் படம் எடுத்த காலையைப் பற்றி.

அது சித்தப்பா புறப்படும் நாள். மத்தியானத்துக்கு முன் வான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா குசினியில் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் பொதி செய்துகொண்டிருந்தார். சித்தப்பா மாட்டுக் கொட்டிலின் நிழலில் நின்று, மிச்சமிருந்த கடைசி றோலைக் கமராவில் போட்டார். வழியில் பிளேனுக்குள்ளிருந்து முகில் எடுக்கலாம் என்றார். அப்போது வேலிக்கு அப்பாலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது.

"தம்பி! உன்ரை கமராவை ஒருக்கால் கொண்டு வா."

சித்தப்பாவும் நானும் ஒழுங்கையால் சுற்றிப் போனோம். பெரியப்பா தன் முற்றத்தின் நடுவில், நல்ல வெயிலில் நின்றார். முகம் மழித்திருந்தார். வெள்ளைச் சேட்டும் வேட்டியும். நெற்றியில் திருநீறு. அவரை யாரும் வெளிச்சத்துக்கு வரச்சொல்லிக் கெஞ்சவில்லை. அவருடைய மகள் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்டைக்கு வெறும் மேலோட நிண்டிட்டன். வடிவா எடு" என்றார் பெரியப்பா. சித்தப்பா கமராவைத் தூக்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். "அவன் என்னிலும் பாக்க உயரம். அதையும் பாத்து எடு."

சித்தப்பா ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார்.

"ஓம் பெரியண்ணை" என்றார்.

டிக். இந்த முறை சில்லில் கை வைக்கவில்லை. கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தார். சைக்கிள் கடைக்காரர் வாசலில் நின்றார்.

"போகப்போறாய் எண்டாங்கள்! நினைவுக்கு ஒண்டு எடடா!"

நான் மறுபடியும் சித்தப்பாவின் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன். சித்தப்பா நின்றார். கமராவைக் கண்ணில் வைத்தார். சில்லை உருட்டாமலே, பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு, நாக்கைத் தட்டி "டிக்" என்று ஒரு சத்தம் போட்டார். கடைக்காரர் கைகாட்டினார். அதற்குப் பிறகு பல மாதங்கள், நான் ரியூப்புக்குக் காற்றடிக்கப் போகும்போதெல்லாம், "பிள்ளை, என்ரை ரெண்டாவது படம் இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தபாலில் துலைஞ்சிருக்கும் என்று நான் சொல்லுவேன்.

நாங்கள் படலையைத் திறந்தபோது அப்பா கிணற்றடியில் நின்றார். தலை ஈரமாக இருந்தது. கோயிலுக்கு மட்டும் போடுகிற சேட்டைப் போட்டிருந்தார். அதை அவர் எப்போது எடுத்துப் போட்டார் என்பது அம்மாவுக்கே தெரியவில்லை. கையில் தூளோடு அம்மா குசினி வாசலில் வந்து நின்றார்.

"எடுத்திட்டியோ?" என்றார் அப்பா, சித்தப்பாவைப் பார்க்காமல்.

"ஓம்."

"எந்தப் பக்கம் நிக்கிறார்?"

"உங்கடை வலக்கைப் பக்கம்."

அப்பா ஒரு எட்டு நகர்ந்து நின்றார். வலப்பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு வலக்கையை மெல்லத் தூக்கி, காற்றில் நீட்டி, அப்படியே வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு காணுமோ?"

சித்தப்பா ஓட்டைக்குள்ளால் பார்த்தார். "கொஞ்சம் பதியுங்கோ சின்னண்ணை."

அப்பா கையைத் தாழ்த்தினார்.

"இன்னும் கொஞ்சம். ஓம். காணும்."

பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்க வந்தவர் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். நேரே பார்க்க வேண்டும், கைகளைக் கீழே தொங்கவிட வேண்டும், ஆடக்கூடாது. அப்பாவுக்கு அது தெரியவில்லை என்று நினைத்தேன்.

"அப்பா, கையைக் கீழ விடுங்கோ" என்றேன். "படம் பழுதாப்போகும்."

"நீ சும்மா இரு பிள்ளை" என்றார் சித்தப்பா.

அவர் சில்லை உருட்டினார். கமராவைக் கண்ணில் வைத்தார். இறக்கினார், சேட்டு நுனியால் ஓட்டையைத் துடைத்தார், மறுபடி வைத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவின் கை நோவெடுத்திருக்க வேண்டும். ஆனால் அது ஒரு இம்மியும் இறங்கவில்லை. டிக் என்ற சத்தம் கேட்ட பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

அப்பாவைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. யாருமே இல்லாத இடத்தில் இப்படிக் கையைப் போட்டுக்கொண்டு நிற்பவரை ஒழுங்கையால் போகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நான் ஓடிப்போய், படலைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து, அப்பாவை மறைத்துக்கொண்டு நின்றேன்.